கரீபியன் கஜானா – 7: புதைக்க அனுப்பிய கோப்பு

சென்ற வாரம் வெனிசுவேலாவின் எண்ணெய்க் கப்பல் ஹைதிக் கரையைத் தொட்ட இடத்தில் நிறுத்தியிருந்தோம். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக நாலு வரி.

1815-ன் கடைசியில், தோற்றுப்போய்க் கரையேறிய வெனிசுவேலா விடுதலை வீரர் சிமோன் பொலிவாருக்கு ஆளும் ஆயுதமும் கொடுத்துத் திருப்பி அனுப்பிய நாடு ஹைதி. பதிலுக்கு அதன் அதிபர் பெத்தியோன் கேட்டது ஒன்றே ஒன்று: நீ விடுவிக்கும் மண்ணில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும். அந்தப் பழைய நன்றிக் கடனைச் சொல்லிக்கொண்டுதான் வெனிசுவேலா அதிபர் ஹ்யூகோ சாவேஸ் 2007 மார்ச்சில் போர்ட்-ஓ-பிரின்ஸ் வந்தார். தெருவெங்கும் ஜனம் அவர் வண்டியோடு சேர்ந்து ஓடியது.

அதற்கு முன்பே, 2006 மே 14 அன்று, ரெனே பிரேவல் அதிபராகப் பதவியேற்ற அதே நாளில், சலுகைக் கடனில் வெனிசுவேலா எண்ணெய் தரும் பெட்ரோகரீப் ஒப்பந்தத்தில் ஹைதி கையெழுத்திட்டிருந்தது. அமெரிக்க எண்ணெய் நிறுவனங்கள் முரண்டு பிடித்ததால் முதல் கப்பல் வந்து சேர 2008 மார்ச் ஆகிவிட்டது.

இனி பணத்தின் கதை.

*

கப்பலில் வந்தது எண்ணெய். ஹைதி அரசின் கையில் தங்கியது ரொக்கம். அது எப்படி என்று புரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும்.

வெனிசுவேலாவிடமிருந்து எண்ணெயை வாங்கியது அரசு. உள்ளூர் விநியோகஸ்தர்கள் அதை அரசிடமிருந்து வாங்கி, முழு விலையையும் கட்டிவிடுவார்கள். ஆனால் அரசு வெனிசுவேலாவுக்கு உடனே கட்ட வேண்டியிருந்தது ஒரு பகுதிதான். உலகச் சந்தையில் பீப்பாய் விலை 100 டாலரைத் தாண்டினால் 40 சதவீதம் கொடுத்தால் போதும். பாக்கி 60 சதவீதம் 25 ஆண்டுக் கடன். வட்டி 1 சதவீதம்.

விலை ஏற ஏற, கஜானாவில் தங்கும் தொகையும் ஏறும். உலகமே எண்ணெய் விலையைப் பார்த்துப் பயந்த ஆண்டுகளில் ஹைதியின் நிதியமைச்சகம் மட்டும் உள்ளூரச் சிரித்திருக்கும்.

இந்தப் பணம் வரியிலிருந்து வந்ததில்லை. அதனால் வரி கட்டியவன் எழுந்து கேட்கவில்லை. வாஷிங்டனிலிருந்தோ பிரஸ்ஸல்ஸிலிருந்தோ வந்ததில்லை. அதனால் உதவி தந்தவர்கள் ஆய்வுக்குழு அனுப்பவில்லை. சாவேஸ் நிபந்தனை ஏதும் போடவில்லை. நிபந்தனைகளால் நூறாண்டு நொந்த நாட்டுக்கு அது பெரிய கௌரவம்தான், மறுக்க முடியாது. ஆனால் கேட்பார் இல்லாத பணத்துக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும். ஹைதியில் அப்படி ஒருவர் சட்டப்படி இருந்தார். அவரைக் கடந்து போக ஒரு வழியும் இருந்தது.

அதன் பெயர் அவசரம்.

2008 ஆகஸ்ட், செப்டம்பரில் ஃபே, குஸ்தாவ், ஹன்னா, ஐக் என்று நான்கு புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹைதியைத் தாக்கின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கொனாயிவ் நகரம் சேற்றில் மூழ்கியது. நாடாளுமன்றம் அவசரநிலைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வழக்கமான டெண்டர் நடைமுறைகளைத் தாண்டி அரசு நேரடியாக ஒப்பந்தம் போடலாம். பெட்ரோகரீப் கணக்கிலிருந்து 19.7 கோடி டாலர் எடுக்கப்பட்டது. வெள்ளம் வீட்டுக்குள் நிற்கும்போது டெண்டர் விளம்பரம் போட்டுக் காத்திருக்க முடியாது. நியாயம்தான்.

பிறகு 2010 ஜனவரி 12. தலைநகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அதிபர் மாளிகையே நொறுங்கி உட்கார்ந்தது. வெனிசுவேலா தனக்கு வரவேண்டிய 39.5 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. ஏப்ரலில் அவசரநிலைச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. இதுவும் நியாயம்தான்.

சிக்கல் அதற்கப்புறம். இடிபாடுகள் அகன்றன, ஆட்சி மாறியது, 2011 மே மாதம் பாடகர் மிஷேல் மார்ட்டெல்லி அதிபரானார். பெட்ரோகரீப் பணமோ அதே பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. அமைச்சரவை கூடும், தீர்மானம் போடும், திட்டப் பட்டியலும் தொகையும் எழுதப்படும், பணம் நகரும். சாலை, சந்தை, விளையாட்டரங்கம், அமைச்சகக் கட்டடம், தாய்மார்களுக்கு உதவித்தொகை என்று பட்டியல் நீண்டது. தலைநகருக்கு வெளியே லுமான் காசிமிர் பெயரில் 3,000 வீடுகள் கொண்ட குடியிருப்பு என்றார்கள். அது முழுதாக எழவே இல்லை.

பக்கத்து நாடான டொமினிகன் குடியரசின் செனட்டர் ஃபெலிக்ஸ் பவுதிஸ்தாவுக்குத் தொடர்புடைய நிறுவனங்களுக்கு, நிலநடுக்கம் நடந்த ஆண்டின் நவம்பரில் டெண்டர் இல்லாமலே பெரும் ஒப்பந்தங்கள் போயின. 2018 ஜூனில் அமெரிக்க நிதித்துறை அவர் மீது தடை விதித்தபோது ஒரு காரணம் சொன்னது: ஹைதியில் முடிக்காத வேலைக்கு அவருடைய நிறுவனம் 1 கோடி டாலருக்கு மேல் வாங்கியிருக்கிறது.

2008-லிருந்து 2016 வரை பெட்ரோகரீப் பணம் மொத்தம் ஏறத்தாழ 200 கோடி டாலர். 1.1 கோடி மக்கள் வாழும் அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் கிட்டத்தட்ட கால் பங்கு.

அதில் யாரும் இரவில் பூட்டை உடைக்கவில்லை. பகலில், கையெழுத்தோடு, முத்திரையோடு நடந்த காரியம் அது.

*

முதலில் விரலை நீட்டியது செனட்.

2016-ல் செனட்டர் யூரி லதோர்த்யூ தலைமையிலான குழு ஓர் அறிக்கை தந்தது. 2017 நவம்பரில் செனட்டர் எவாலியேர் போப்லான் தலைமையிலான இன்னொரு குழு, 600 பக்கங்களுக்கு மேல் ஒரு பெரிய அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் போட்டது. முன்னாள் பிரதமர்கள், முன்னாள் அமைச்சர்கள் எல்லார் பெயரும் அதில் வந்தது. பதவியில் இருந்த அதிபர் ஜோவனெல் மோயிஸுக்கு நெருக்கமானவர்களும் விட்டுவைக்கப்படவில்லை.

மோயிஸ் யார்? மார்ட்டெல்லி தன் கட்சிக்காகத் தேர்ந்தெடுத்த வாரிசு. வாழைத்தோட்ட முதலாளி. ‘அக்ரிட்ரான்ஸ்’ என்ற நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். ‘நெக் பனான்’, அதாவது வாழைப்பழக்காரர் என்ற பெயரிலேயே தேர்தலில் நின்றார். 2015-ல் நடந்த முதல் சுற்று முறைகேட்டுப் புகாரால் ரத்தாகி, 2016 நவம்பரில் மறுபடி நடந்து, 2017 பிப்ரவரி 7 அன்று பதவியேற்றார். அந்த அறிக்கை அவருடைய பார்வையில் அரசியல் வேட்டை.

2018 பிப்ரவரி 1. செனட்டில் அதிபரின் ஆதரவாளர்களே பெரும்பான்மை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவையில் இல்லாத நேரம். ஒரு தீர்மானம் நிறைவேறியது: போப்லான் அறிக்கையை மேல் ஆய்வுக்காகத் தணிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புவது.

கேட்க எவ்வளவு பொறுப்பாக இருக்கிறது! ஹைதியில் இருந்தவர்கள் யாரும் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

தணிக்கை நீதிமன்றம் என்பது அரசின் வரவு செலவைச் சரிபார்க்கும் அமைப்பு. நிர்வாக வழக்குகளையும் அதுவே விசாரிக்கும். உறுப்பினர்களைப் 10 ஆண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுப்பது செனட். பொதுப் பணத்தைக் கையாண்ட ஒருவர் மறுபடி தேர்தலில் நிற்க வேண்டுமானால், கணக்கு சரி என்று நாடாளுமன்றம் அவருக்கு விடுவிப்புச் சான்று தர வேண்டும். அதற்கு இந்த நீதிமன்றத்தின் அறிக்கை தேவை. காகிதத்தில் இவ்வளவு பலமான காவல் இருந்தும் நடைமுறையில் அந்த வாசலுக்குள் போன கோப்பு திரும்பி வந்ததாக மக்களுக்கு நினைவில்லை. வழக்கை நீதித்துறைக்கு அனுப்பினால் யாராவது ஒரு நீதிபதி சம்மன் அனுப்பிவிடக்கூடும். கணக்கர்களிடம் அனுப்பினால் தூசி படியும்.

அனுப்பியவர்களின் கணக்கு இது. இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்த எல்லா ஊர்களிலும் கோப்பைப் புதைக்க ஆட்சியாளர்கள் கையாண்ட வழி இதுதான், பெரும்பாலும் பலித்தும் இருக்கிறது.

இங்கே பலித்திருக்கும். ஒரு கால்பந்தாட்டம் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

*

2018 ஜூலை 6, வெள்ளிக்கிழமை. ரஷ்யாவின் கசான் நகரில் உலகக்கோப்பைக் கால் இறுதி. பிரேசிலும் பெல்ஜியமும்.

ஹைதி அந்த உலகக்கோப்பையில் ஆடவில்லை. ஆனால் பிரேசில் ஆடினால் ஹைதி ஆடுகிற மாதிரிதான். மஞ்சள் சட்டை இல்லாத தெரு கிடையாது. 2004 ஆகஸ்டில் ரொனால்டோவும் ரொனால்டினோவும் போர்ட்-ஓ-பிரின்ஸ் வந்து ஹைதி அணியோடு ஆடினார்கள். 6-0 என்று தோற்ற சொந்த அணியைப் பார்த்து ஊரே கொண்டாடியது. அப்படி ஒரு பித்து.

அன்று பகல் நாடே தொலைக்காட்சி முன்னால். அந்த நேரம் பார்த்து அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நள்ளிரவு முதல் எரிபொருள் விலை உயர்கிறது.

பெட்ரோல் ஒரு கேலன் 224 கூர்த்திலிருந்து (ஹைதியின் நாணயம்) 309. டீசல் 179-லிருந்து 264. மண்ணெண்ணெய் 173-லிருந்து 262.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். 51 சதவீத ஏற்றம். கார் வைத்திருப்பவன் மண்ணெண்ணெய் வாங்க மாட்டான். மின்சாரம் எட்டாத வீட்டில் விளக்கு எரிவது அதில்தான். தட்டுமுட்டு வேன்களில் வண்ணம் பூசி, பின்னால் பலகை போட்டு ஓட்டும் ‘தப்-தப்’ வண்டிகள் ஓடுவது மற்ற இரண்டில். சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவள் கட்டணமாகக் கொடுப்பதும் அவற்றின் விலையைத்தான்.

விலையை ஏன் ஏற்றினார்கள்? வெனிசுவேலாவே நொடித்துப் போயிருந்தது. கப்பல்கள் குறைந்து, பிறகு நின்றுவிட்டன. சலுகைக் கடனில் வந்த எண்ணெயை இனி வெளிச்சந்தையில் டாலர் கொடுத்து வாங்க வேண்டும். மானியச் சுமையைக் குறைக்கச் சொல்லிச் சர்வதேச நிதியம் வற்புறுத்தியது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அதோடு எட்டிய உடன்பாட்டின்படி, ஹைதி சீர்திருத்தம் செய்தால் பல அமைப்புகளிடமிருந்து 9.6 கோடி டாலர் வரை கிடைக்க வழி பிறக்கும்.

பொருளாதார வாதம் ஒன்று இருந்தது, அதை ஒதுக்கிவிட முடியாது. மலிவு எரிபொருளால் அதிகம் ஆதாயம் பெற்றவர்கள் பெரிய வண்டிகளும் ஜெனரேட்டரும் வைத்திருந்தவர்கள்தான். ஆனால் அந்த வாதத்தை மக்கள் முன் வைத்து விளக்க அரசு முயலவில்லை. பிரேசில் ஜெயிக்கும், ஊர் ஆடிப்பாடும், இரண்டு நாளில் புது விலை பழகிவிடும் என்று திட்டம் போட்டது.

பதின்மூன்றாவது நிமிடம் பிரேசில் வீரர் ஃபெர்னாந்தின்யோவே பந்தைத் தன் வலைக்குள் தள்ளினார். 31-ல் டி பிரைன இரண்டாவது கோலை அடித்தார். பிரேசில் பிற்பாடு ஒன்றைத் திருப்பி அடித்தது. ஆட்டம் முடிந்தபோது 2-1. பிரேசில் வெளியே.

கொண்டாட வந்த கூட்டம் ஏற்கெனவே தெருவில் நின்றது. அதன் கையில் இப்போது விலைப்பட்டியல்.

அன்று மாலைக்குள் டயர்கள் எரிந்தன. சனிக்கிழமை டெல்மாஸ் சாலையில் கடைகள் சூறையாடப்பட்டன. பணக்காரர்களின் பெத்தியோன்-வில் பகுதியில் நட்சத்திர ஓட்டல்கள் தாக்கப்பட்டன. விமானங்கள் ரத்தாயின. உயிர்களும் போயின. பிரதமர் ஜாக் கி லாஃபோந்தான் முதலில் பொறுமை காக்கச் சொன்னார். சில மணி நேரத்தில் அதே வாயால் விலையேற்றம் நிறுத்திவைக்கப்படுகிறது என்றார். ஒரு வாரம் கழித்து, ஜூலை 14 அன்று, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எதிர்கொள்ள நாடாளுமன்றம் வந்தவர் அங்கேயே ராஜினாமாவை அறிவித்தார்.

கலவரம் அடங்கியது. சாம்பலைக் கூட்டினார்கள். ஹைதியில் இப்படிப்பட்ட கலவரங்கள் வந்து போகும். ஆட்சி தப்பித்துக்கொள்ளும்.

இந்த முறை ஒரு கேள்வி மிச்சம் நின்றது. பத்தாண்டு மலிவு எண்ணெய் வந்ததே, அந்தப் பணம் இருந்திருந்தால் மண்ணெண்ணெய் விலையை ஏற்ற வேண்டி வந்திருக்குமா?

*

2018 ஆகஸ்ட் 14. திரைப்பட இயக்குநர் ஜில்பேர் மிராம்போ ட்விட்டரில் ஒரு படம் போட்டார். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நிற்கிறார். கையில் ஒரு அட்டை. கிரியோல் மொழியில் ஒரே வரி: ‘கோட் கோப் பெட்வோ கரீபே அ?’

பெட்ரோகரீப் பணம் எங்கே?

1791-ல் இதே ஆகஸ்ட் 14 இரவில்தான் அடிமைகள் புவா கைமன் காட்டில் கூடிப் புரட்சிக்கு உறுதி எடுத்ததாக ஹைதியர் நினைவு வைத்திருக்கிறார்கள். திட்டமிட்டுப் பொருத்திய தேதியோ, தற்செயலோ, சொல்லத் தெரியவில்லை. ஹைதியில் தேதிகள் சும்மா இருப்பதில்லை.

சில நாட்களில் அந்த அட்டை எங்கும் பரவியது. மாணவர்கள், பாடகர்கள், அலுவலகம் போகிறவர்கள், மியாமியிலும் மான்ட்ரியாலிலும் பாரிசிலும் இருந்த ஹைதியர்கள் என்று எல்லாரும் அட்டையைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ‘பெட்ரோசேலஞ்சர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர் வந்தது.

இதில் ஒரு புதுமையைக் கவனிக்க வேண்டும். ஹைதித் தெரு அதுவரை எழுப்பிய முழக்கம் பெரும்பாலும் ‘இன்னாரே வெளியே போ’ அல்லது ‘இன்னாரே திரும்பி வா’ என்பதாக இருந்தது. ஒரு தலைவரை இறக்கி இன்னொருவரை ஏற்றும் அரசியல் அது. அந்த முழக்கத்தை எழுப்ப ஒரு கட்சி வேண்டும், கூட்டம் சேர்க்கக் காசு வேண்டும். இவர்கள் ஆள் பெயர் சொல்லவில்லை. ரசீது கேட்டார்கள்.

ஆகஸ்ட் 24 அன்று முதல் முறையாக அட்டையோடு நேரில் கூடினார்கள். அதிபர் மாளிகை முன் கூடவில்லை, நாடாளுமன்றத்துக்கும் போகவில்லை. தணிக்கை நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனார்கள்.

என் பார்வையில் இந்தக் கதை திரும்பிய இடம் அதுதான். ஜூலையில் எரிந்த கடைகள் ஒரு பிரதமரைக் கவிழ்த்தன, உண்மை. ஆனால் கோப்பு எந்த அறையில் கிடக்கிறது என்று கண்டுபிடித்து அந்த அறைக்குக் கீழே போய் உட்கார்ந்தது இந்த இளைஞர்கள். உள்ளே இருந்த கணக்கர்களின் பெயர்கூட அதுவரை யாருக்கும் தெரியாது. அவர்களை அடித்தளத்திலிருந்து மேடைக்கு ஏற்றிவிட்டது வெளியே நின்ற கூட்டம். மேடையில் நிற்பவனை ரகசியமாக மிரட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

நீதிமன்றம் வேலையைத் தொடங்கியது. 2019 ஜனவரிக்குள் முதல் அறிக்கை என்றது.

*

இடைப்பட்ட மாதங்களை வேகமாகக் கடப்போம்.

அக்டோபர் 17: நாடு முழுவதும் ஊர்வலம். ஹைதியை நிறுவிய தெசாலின் 1806-ல் கொல்லப்பட்ட தேதி அது. கோழியின் இறகைப் பிடுங்கிக்கொள், ஆனால் அது கத்தாமல் பார்த்துக்கொள் என்று தன் அதிகாரிகளுக்கு அவர் சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. அவர் பெயரால் ஊர்வலம் போனவர்களில் எத்தனை பேர் அதை நினைத்துச் சிரித்தார்களோ. சில நாட்களில் மோயிஸ், அறிக்கையில் பெயர் அடிபட்ட தன் அலுவலக அதிகாரிகள் சிலரைப் பதவி நீக்கினார்.

நவம்பர் 13: தலைநகரின் லா சலீன் குடிசைப் பகுதியில் ஆயுதக் கும்பல்கள் புகுந்தன. ஐ.நா. கணக்குப்படியே குறைந்தது 26 பேர் கொல்லப்பட்டார்கள். மனித உரிமை அமைப்பொன்று அதைப் போல இரு மடங்குக்கும் மேல் சொன்னது. ஆர்ப்பாட்டங்களுக்கு எப்போதும் ஆள் திரளும் பகுதி அது. அடுத்த பெரிய ஊர்வலத்துக்கு ஐந்து நாள் இருந்தது. பிற்பாடு அமெரிக்க நிதித்துறை இந்தப் படுகொலைக்காகத் தடை விதித்த மூவரில் இருவர் மோயிஸ் அரசின் அதிகாரிகள். அட்டை தூக்குவதற்கான விலை பேட்டைக்குப் பேட்டை வேறு என்பது அன்று தெரிந்தது.

2019 ஜனவரி 10: அமெரிக்க நாடுகள் அமைப்பில், வெனிசுவேலாவின் மதுரோ அரசை ஏற்க முடியாது என்ற தீர்மானத்துக்கு ஹைதி ஆதரவாக வாக்களித்தது. கடன் பாக்கி நிற்கிறது, கடன் கொடுத்தவனையும் கைவிட்டாயிற்று. பொலிவாரின் கதையைப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்களுக்கு அது சுருக்கென்று தைத்தது.

*

2019 ஜனவரி 31. தணிக்கை நீதிமன்றம் முதல் அறிக்கையைச் செனட்டிடம் ஒப்படைத்தது.

சொன்ன தேதியில். ஹைதியின் அரசு அலுவலகங்களை அறிந்தவர்கள் முதலில் வியந்தது அதற்குத்தான்.

உள்ளே முழக்கங்கள் கிடையாது. ஒவ்வொரு திட்டமாக எடுத்து வைத்திருந்தார்கள். அமைச்சரவைத் தீர்மானம் எந்தத் தேதி, எவ்வளவு தொகை, ஒப்பந்தம் எங்கே, மேற்பார்வை யார், வேலை முடிந்ததா. பல இடங்களில் கேட்ட ஆவணங்களை அமைச்சகங்கள் தரவில்லை என்று பதிந்திருந்தார்கள். முன்னாள் அமைச்சர்களும் அதிகாரிகளுமாகச் சுமார் 15 பேர் பெயர் இருந்தது.

பெரும்பாலும் எதிர்பார்த்த பெயர்கள். ஒரு பக்கத்தில் எதிர்பாராத ஒன்று. சாலை வேலை ஒன்றுக்குப் பணம் வாங்கிய நிறுவனங்களில் அக்ரிட்ரான்ஸும் இருந்தது. கையெழுத்தான ஒப்பந்தம் எதையும் அந்த அறிக்கை காணவில்லை.

வாழைத்தோட்ட நிறுவனத்துக்குச் சாலையில் என்ன வேலை?

ஒரு வாரம் கழித்து பிப்ரவரி 7. மோயிஸ் பதவியேற்று இரண்டாண்டு நிறைவு. 1986-ல் சர்வாதிகாரி துவாலியே நாட்டைவிட்டு ஓடிய நாளும் அதுவே. அன்று தொடங்கிய போராட்டம் பத்து நாளுக்கு மேல் நாட்டையே பூட்டிப் போட்டது. பள்ளி இல்லை, வங்கி இல்லை, பெட்ரோல் இல்லை, மருத்துவமனைகளுக்குத் தண்ணீர்கூடத் தட்டுப்பாடு. ‘பேயி லோக்’, பூட்டிய நாடு என்றார்கள். கூர்த்தின் மதிப்பு டாலருக்கு 80-ஐத் தாண்டிச் சரிந்தது. மோயிஸ் தொலைக்காட்சியில் வந்து, ஆயுதக் கும்பல்களிடமும் போதைப்பொருள் வியாபாரிகளிடமும் நாட்டை விட்டுவிட மாட்டேன் என்றார்.

மார்ச் 18 அன்று கீழவை அவருடைய புதுப் பிரதமர் ஜான்-ஹென்ரி சேயானை வெளியேற்றியது. நீக்கத்துக்கு ஆதரவாக 93 வாக்கு, எதிராக 6. பெட்ரோகரீப் விசாரணையைத் தீவிரமாக்குவேன் என்று வாக்குக் கொடுத்துப் பதவிக்கு வந்தவர் அவர். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த வாக்கு எண்ணிக்கையை நினைவில் வையுங்கள், அடுத்த வாரம் தேவைப்படும்.

தெரு இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கையில், தணிக்கை அறையில் விளக்கு அணையவில்லை. மே 31 அன்று இரண்டாம் அறிக்கை வந்தது. 600 பக்கங்களுக்கு மேல்.

வாழைத்தோட்டக் கேள்விக்கு விடை அதில் இருந்தது. 2014-ல் ஒரே சாலைச் சீரமைப்பு வேலைக்கு அரசு இரண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஒன்று அக்ரிட்ரான்ஸ், மற்றது பெடெக்ஸ். கணக்கர்கள் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் ஒரே வரிப் பதிவு எண். ஒரே பணியாளர் பட்டியல்.

அக்ரிட்ரான்ஸ் வாங்கியது 3.3 கோடி கூர்த்துக்கு மேல். அன்றைய மதிப்பில் 7 லட்சம் டாலருக்கும் அதிகம். 2014-ல் அதன் தலைவர், 2019-ல் நாட்டின் அதிபர்.

200 கோடி டாலர் கதையில் 7 லட்சம் என்பது சில்லறை. ஆனால் பெரிய தொகைகளுக்கு எப்போதும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: புயல், நிலநடுக்கம், விலைவாசி, வடிவமைப்பில் மாற்றம். ஒரே வரி எண் இரண்டு நிறுவனங்களின் தாளில் இருப்பதற்கு எந்தப் புயலைக் காரணம் சொல்வது? கணக்கர்கள் இதைச் சாதாரணக் குறையாக எழுதவில்லை. பொதுப் பணத்தைக் கையாட நடந்த கூட்டுச் சதி என்ற பொருள்பட எழுதினார்கள். மோயிஸ் மறுத்தார். தான் தவறு செய்யவில்லை என்றார்.

ஜூன் 9 அன்று தெரு மறுபடி நிரம்பியது. இப்போது அட்டையில் வேறு வாசகம். மோயிஸே, இறங்கு.

பெட்ரோசேலஞ்சர்கள் தொடங்கிய இடத்தை விட்டுப் பழைய பாதைக்குத் திரும்பியது போலத்தான் இது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர்களுக்கு வேறு வழி இருந்ததா?

தணிக்கை நீதிமன்றம் கண்டுபிடிக்கலாம், எழுதலாம். ஆளைக் கூண்டில் ஏற்றும் அதிகாரம் அரசு வழக்குரைஞரிடம். அவரை நியமிப்பதும் நீக்குவதும் அதிபரின் அரசு. பதவியில் இருக்கும் அதிபரை விசாரிக்க வேண்டுமானால் 1987 அரசியல் சாசனம் சொல்லும் பாதை ஒன்றுதான்: கீழவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு குற்றம் சாட்ட வேண்டும். பிறகு செனட் உயர் நீதி மன்றமாக மாறி விசாரிக்க வேண்டும். கீழவையில் பெரும்பான்மை அதிபரின் கூட்டணிக்கு. அந்த உறுப்பினர்களின் பதவிக்காலமோ 2020 ஜனவரியில் முடியவிருந்தது, தேர்தலுக்கான அறிகுறியும் இல்லை. அவை கலைந்துவிட்டால் குற்றம் சாட்டவும் ஆள் இருக்காது.

மார்ச்சில் ஒரு பிரதமரை 93 கைகளால் தூக்கி எறிந்த அதே அவை. 2019 ஆகஸ்டில் அதிபர் மீதான குற்றச்சாட்டுத் தீர்மானம் அதன் முன் வாக்கெடுப்புக்கு வந்தது.

இந்த முறை எத்தனை கைகள் உயர்ந்தன?

(அடுத்த வாரம்)